அறுபது கிராம் குறைச்சல்

போன வாரம் வாய் தவறிக் கொடுத்த வாக்கு, இந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து கழுத்தைப் பிடித்தது.

என்ன வாக்கு என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. "அடுத்த வியாழனுக்குள்ள பாப்பா பிறந்த எடைக்கு வரலைன்னா, நீங்க சொல்றபடியே பால் பவுடர் கொடுத்துடலாம் அண்ணி" என்று பிள்ளை பெற்று லீவில் இருக்கும் நம் பஸ் கண்டக்டர் தன் நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள். அப்போது அது பேச்சை முடிக்க ஒரு வழியாகத்தான் தெரிந்தது. நாத்தனாரோ அதைக் கல்வெட்டில் பொறித்த மாதிரி மனதில் வைத்திருந்தாள். சலவைக் கடையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பேன் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கே கையில் பையோடு சமையலறையில் வந்து நின்றாள். பைக்குள் பால்பவுடர் டப்பா இருந்தது.

மேஜை மேல் தராசு.

வீட்டுச் சமையலறையில் தராசுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கண்டக்டரின் வீட்டுக்காரர் தராசு பழுது பார்ப்பவர். ஊரில் உள்ள பாதிக் கடைகளின் தராசுகள் அவர் கைபட்டுத்தான் உண்மை பேசுகின்றன. நான்கு நாளைக்கு முன் பட்டறையிலிருந்து இந்தத் தராசைத் தோளில் சுமந்து வந்து வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று.

"மெதுவா, மெதுவா" என்றார் தராசுக்காரர். முதலில் மடித்த துணியைத் தட்டில் விரித்தார். பித்தானை அழுத்தினார். துணியின் எடை கழிந்து பூஜ்யம் வந்தது. பிறகு மகளை, பிறந்த மேனியாக, இரண்டு கைகளாலும் ஏந்தி வைத்தார்.

மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அம்மாக்காரி மட்டும் 'ஓசி' என்று கூப்பிடுவாள். ஒன்பது மாதம் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்தவளாம்.

எண்கள் ஓடின. நின்றன.

"மூணு கிலோ நூத்தித் தொண்ணூறு" என்றார் தராசுக்காரர். குரல் இறங்கிவிட்டது.

"பிறந்தப்போ?" என்றாள் நாத்தனார். தெரியாமல் கேட்கவில்லை.

"மூணு இருநூத்தி அம்பது."

"அப்போ அறுபது கிராம் குறைச்சல். இருபத்திரண்டு நாள் ஆச்சு. ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்கு வரணும்னு ஆஸ்பத்திரியில கொடுத்த கையேட்டுலயே போட்டிருக்குன்னு நீதானேடா படிச்சுக் காட்டினே?"

தராசுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த தாளில் இன்றைய எண்ணை எழுதினார். அந்தத் தாளைப் பார்த்தாலே கண்டக்டருக்கு மார்பு வலிக்கும். குழந்தை குடிக்கும் முன் எடை, குடித்த பின் எடை, வித்தியாசம் என்று மூன்று வரிசை. ஒருமுறை ஐம்பது கிராம், ஒருமுறை முப்பது, நேற்று மதியம் வெறும் பத்து. அந்தப் பத்தைச் சுற்றி அவர் சிவப்பில் வட்டம் வேறு போட்டிருந்தார். கடைக்காரனின் கள்ளத் தராசைப் பிடித்தால் போடுவாரே, அதே வட்டம்.

நல்ல மனுஷர்தான். தாயும் சேயும் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே கவலைதான் அவருக்கு. அந்தக் கவலையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், தெரிந்த தொழிலைச் செய்துவிட்டார்.

"நான் குளிச்சிட்டு வந்துடுறேன்" என்றாள் கண்டக்டர்.

குளியலறைக் கதவைச் சாத்தியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அறுபது பேர் உட்காருகிற வண்டியில் நூறு பேரை ஏற்றிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்று ஒன்பது வருஷமாகக் குரல் கொடுத்தவள். சில்லறை தராமல் வம்பு செய்கிற ஆளை நடுவழியில் இறக்கிவிட்டவள். இப்போது மூன்று கிலோ இருக்கிற ஒரு ஜீவனுக்குப் பயந்து குளியலறையில் ஒளிந்து நிற்கிறாள்.

முதல் வாரம் மார்பு கல் மாதிரி கனத்தது. அப்போது வலித்தாலும் ஒரு தைரியம் இருந்தது. பத்து நாளாக மெத்தென்று இருக்கிறது. பால் வற்றிவிட்டதோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தாள். காம்பு வேறு வெடித்துப் போயிருந்தது. குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை எண்ணுவாள்.

தண்ணீரை மூடிவிட்டுத் துண்டை எடுத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடிப் பாட்டிலில் கரண்டி மோதுகிற சத்தம்.

ஈரத் தலையோடு வெளியே வந்தாள்.

அடுப்பில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டப்பாவின் மேல் தகடு கிழிந்திருந்தது. நாத்தனார் கண்ணுக்கு நேராகக் கரண்டியைப் பிடித்து, பவுடரை மட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தராசுக்காரர் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவையும் பார்க்காமல் மனைவியையும் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!"

அந்த இரண்டாம் மாடிச் சமையலறையில் அப்படியொரு குரல் அதுவரை எழுந்ததில்லை. டிரைவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பின்வாசலில் இருந்து எழுப்புகிற குரல். நாத்தனார் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. குழந்தைகூட ஒரு கணம் அழுகையை நிறுத்திவிட்டு, யாரது என்று பார்த்தது.

"வாக்கு கொடுத்தியேம்மா" என்றாள் நாத்தனார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் என்ன விஷமா கலக்குறேன்? பசியில பிள்ளை கத்துது. என் ரெட்டைப் பசங்க ரெண்டு பேரும் இந்தப் பவுடர்லதான் வளர்ந்தாங்க. இப்போ கதவு நிலையில தலை இடிக்குது."

"தெரியும் அண்ணி. பதினோரு மணிக்கு சுகாதார நிலையத்துக்குப் போறோம் இல்ல? அங்க நர்ஸ் பார்க்கட்டும். அவங்க சொன்னா நானே கலக்குறேன். அதுவரைக்கும் வேண்டாம்."

"அதுவரைக்கும் அது பட்டினியா?"

"என்கிட்ட கொடுங்க."

தராசுக்காரர் குழந்தையைக் கொடுத்தார். பழக்க தோஷத்தில் தராசுப் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டு, மனைவி பார்த்த பார்வையில் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஓசி வாய் வைத்தாள். கண்டக்டர் பல்லைக் கடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"பதினொன்னு" என்றாள் நாத்தனார், டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தபடி. "அதுக்கப்புறம் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன். நானும் வர்றேன்."

*

சுகாதார நிலையத்தின் எடை பார்க்கும் அறை குறுகலாக இருந்தது. ஒரு மேஜை, ஒரு தராசு, திரைச்சீலைக்குப் பின்னால் கை வைத்த நாற்காலி ஒன்று. நர்ஸுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சட்டைப் பையில் நாலு கலரில் பேனா குத்தியிருந்தாள்.

'இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும்' என்பது நாத்தனார் முகத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

நர்ஸ் குழந்தையை வாங்கப் போனாள். தராசுக்காரர் குறுக்கே வந்தார்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்." தோள்பையில் கை விட்டு, பளபளவென்று ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்துத் தராசின் மேல் வைத்தார்.

கண்டக்டருக்கு மானம் போயிற்று. "என்னங்க இது!"

"சரியா இருக்கான்னு பார்க்கணும் இல்ல?" தராசு சரியாக ஒரு கிலோ காட்டியது. அவர் திருப்தியோடு கல்லை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நல்லா வச்சிருக்கீங்க. போடுங்க."

"பரீட்சையில பாஸா?" என்றாள் நர்ஸ். சிரிக்காமல் கேட்டாள். குழந்தையின் உடைகளைக் கழற்றித் தட்டில் கிடத்தினாள்.

மூன்று கிலோ நூற்றுத் தொண்ணூறு.

அதே எண். வீட்டுத் தராசு பொய் சொல்லவில்லை. அது பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்த கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனாரின் கை தானாகப் பைக்குப் போயிற்று.

நர்ஸ் ஆஸ்பத்திரி அட்டையைப் பிரித்தாள். "பிறந்த எடை மூணு இருநூத்தி அம்பது." புருவம் சுருங்கியது. அட்டையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், தொடையைத் தடவினாள். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி நனைக்குது?"

"ஏழு, எட்டு" என்றாள் கண்டக்டர்.

"மலம்?"

"மஞ்சளா. நாலஞ்சு தடவை."

"முழிச்சிருக்கும்போது நல்லா முழிக்குதா?"

"முழிச்சா எங்க மூணு பேரையும் ஆட்டி வைக்குது."

"அப்போ இந்தக் கணக்கு இடிக்குதே" என்றாள் நர்ஸ், பேனாவால் அட்டையைத் தட்டி. "இவ பட்டினி கிடக்குற பிள்ளை மாதிரி இல்ல. பிறந்த எடை சரியாத்தான் எழுதியிருக்காங்களா?"

தராசுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில தப்பா எழுதுவாங்களா? நான் பக்கத்துலயே நின்னேன். போட்டோவே எடுத்து வச்சிருக்கேன்." தொலைபேசியை எடுத்து நீட்டினார். "பாருங்க. முள் எங்க நிக்குது? மூணு இருநூத்தி அம்பது. ஒரு மயிரிழை அப்படி இப்படி கிடையாது."

நர்ஸ் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முள் சரிதான். இது என்ன?"

"பாப்பா."

"பாப்பா மூஞ்சி தெரியுது. மூஞ்சியைச் சுத்தி?"

"துவாலை. பிறந்த உடனே குளிரும்னு அக்கா வாங்கி வச்சிருந்த துவாலையில சுத்தி..."

அவர் நிறுத்திவிட்டார்.

படத்தில் குழந்தையின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் துவாலை. தடித்த, பூப்போட்ட, இரண்டு பேர் துடைத்துக்கொள்ளலாம் போன்ற துவாலை. இருபத்திரண்டு நாளாக இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பார்! முள்ளைத்தான் பார்த்திருக்கிறார். பட்டறைக்கு வருகிற கடைக்காரர்களிடம் பாத்திரத்தோடு சேர்த்து எடை போடாதே என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷர், சொந்த மகளைப் பொட்டலத்தோடு எடை போட்டதைக் கண்ணாரக் கண்டு, படமும் பிடித்து, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியும் வைத்திருக்கிறார்.

"ஒருவேளை துவாலையைக் கழிச்சிருப்பாங்களோ?" என்றாள் கண்டக்டர். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தராசுக்காரர் தலையை ஆட்டினார். காது நுனி வரை சிவந்திருந்தது. "இது முள் தராசு. இந்த மாடலை நானே எத்தனையோ தடவை பிரிச்சு மாட்டியிருக்கேன். இதுல கழிக்கிற பித்தானே கிடையாது. மனசால கழிச்சு எழுதினாத்தான் உண்டு. முள்ளுல இருக்கறதும் அட்டையில இருக்கறதும் ஒண்ணா இருக்கு. அப்போ கழிக்கல."

"துவாலை எங்க?"

நர்ஸ் கேட்டு முடிக்கும் முன் நாத்தனார் மேஜை மேல் கிடந்ததை எடுத்தாள். குழந்தையை இன்றைக்கும் அதில்தான் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். துவாலையை மடித்துத் தட்டில் வைத்தாள்.

முன்னூற்று எழுபது.

தராசுக்காரர் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். கணக்குப் போடுவதற்கு முன்பே அவர் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு கிலோ எண்ணூத்தி எண்பது" என்றார். "பிறந்தப்போ அவ்வளவுதான். இப்போ மூணு நூத்தித் தொண்ணூறு."

"முன்னூத்திப் பத்து கிராம் ஏறியிருக்கா" என்றாள் நர்ஸ். "அதுவும் முதல் நாலஞ்சு நாள் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் இறங்கும். அந்தப் பள்ளத்தையும் ஏறி, இதையும் ஏறியிருக்கா. அருமையா வளர்றா. எதைக் குடிச்சு வளர்ந்தா?"

கேள்வி கண்டக்டரைப் பார்த்துத்தான். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. நாலு நாளாக அடக்கி வைத்த அழுகை, மதகு திறந்த மாதிரி கொட்டியது.

"என் பால்" என்றாள் கடைசியில். "என் பால் மட்டும்தான். தண்ணி கூடக் கொடுக்கல."

"தண்ணி வேண்டவே வேண்டாம். ஆறு மாசத்துக்கு உங்க பால்லயே தண்ணியும் இருக்கு, சாப்பாடும் இருக்கு. வாந்திபேதி, காதுவலி, சளின்னு வர்றதும் குறையும். உங்களுக்கும் நல்லது. குடிக்கக் குடிக்கக் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தப்போக்கு குறையும். பின்னாடி மார்புப் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் குறையும்."

"ஆனா மார்பு மெத்துன்னு ஆயிடுச்சே சிஸ்டர். பால் வத்திடுச்சோன்னு..."

"வத்தல. பாப்பாவுக்கு எவ்வளவு வேணும்னு உடம்பு கத்துக்கிச்சு. அதான் கல்லு மாதிரி கட்டறதில்ல. எல்லாருக்கும் ஆகறதுதான்."

இதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். பத்து நாள் பயம் அந்த அரை நிமிஷத்தில் போயிற்று. யாரையாவது முன்னாடியே கேட்டிருக்கலாம் என்று கண்டக்டருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"சரி, இப்போ எப்படிக் கொடுக்கறீங்கன்னு பார்க்கணும்" என்று நர்ஸ் திரைச்சீலையை இழுத்தாள். தராசுக்காரர் வெளியே நின்றார். நாத்தனார் உள்ளே வந்து மூலையில் நின்றாள்.

கண்டக்டர் உட்கார்ந்து, குனிந்து, காம்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டு போனாள். பல்லைக் கடித்தாள்.

"பல்லைக் கடிக்கறீங்களே, வலிக்குதா?"

"பழகிடுச்சு."

"பழகக் கூடாது. வலிச்சா எங்கயோ தப்பு. நீங்க அவகிட்ட குனியாதீங்க. சாஞ்சு உக்காருங்க. அவளை உங்ககிட்ட கொண்டு வாங்க. வயிறோட வயிறு ஒட்டணும். இருங்க, அவசரம் வேண்டாம். வாயைப் பெருசாத் திறக்கட்டும். இன்னும். ஆங், இப்போ!"

ஓசியின் தாடை மார்பில் புதைந்தது. காம்பு மட்டுமல்லாமல் சுற்றியிருந்த கருவளையமும் பெரும்பகுதி வாய்க்குள் போயிற்று. கண்டக்டர் வழக்கம்போல எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு... நாலில் எண்ணுவதை மறந்துவிட்டாள். வலிக்கவில்லை. முழுங்குகிற சத்தம் கேட்டது. குளக், குளக் என்று சின்னச் சின்னதாக.

"எவ்வளவு நேரம் கொடுப்பீங்க?"

"அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் அவர் எடை போடுவார். திரும்ப அஞ்சு நிமிஷம்."

நர்ஸ் முதல் முறையாகச் சிரித்தாள். "பஸ்ல வேலை பார்க்கறீங்கன்னு அட்டையில பார்த்தேன். பாதி வழியில பயணியை இறக்கி விடலாமா? அவளா இறங்கற வரைக்கும் விடுங்க. சார்!" திரைக்கு வெளியே குரலை உயர்த்தினாள். "அந்தத் தராசைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. மாசம் ஒரு தடவை இங்க வந்து போட்டாப் போதும். வேணும்னா உங்க கல்லையும் கொண்டு வாங்க."

"சரிங்க சிஸ்டர்" என்று வெளியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் வந்தது.

பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம். ஓசி தானாக வாயை விட்டாள். கன்னத்தில் பால் வழிய, குடித்துவிட்டு மயங்கியவளைப் போலத் தலை சாய்ந்தாள். கண்டக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாத்தனாரிடம் காட்ட வேண்டும் என்று திரும்பினாள்.

நாத்தனார் குழந்தையைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா" என்றாள். "எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டாம் நாளே உனக்குப் பால் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ரெண்டும் கத்துச்சு. வாயில வச்சா நிக்கல. பவுடர் கலக்கிக் கொடுத்தாங்க. ஒரு வாரத்துல சுத்தமா வத்திடுச்சு. இந்த மாதிரி சாஞ்சு உக்காரு, வயிறோட வயிறு வைன்னு யாரும் சொல்லல." நிறுத்தினாள். "அப்போ எனக்கும் இருந்திருக்குமா?"

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். பேனாவைப் பைக்குள் குத்தினாள். நல்ல வேளையாக, பொய் சொல்லவில்லை.

"இருந்திருக்கலாம்க்கா. ரெட்டைன்னாலும் நிறையப் பேருக்கு வரும். ரெண்டாம் நாள்ல கொஞ்சமாத்தான் வரும், அதுவே போதும். யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்திருக்கணும். சொல்லாதது உங்க தப்பில்ல. பிள்ளைங்களைப் பட்டினி போடாம வளர்த்தீங்க பாருங்க, அதுவும் சின்ன வேலை இல்ல."

நாத்தனார் தலையை ஆட்டினாள். துவாலையை எடுத்து உதறி, குழந்தையைச் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

வீட்டுக்கு வரும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

நாத்தனார் பேசாமல் இருந்தால் அது மழைக்கு முந்தின புழுக்கம். தராசுக்காரர் அக்காவிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. வந்ததும் சுவரிலிருந்த தாளைக் கிழித்தார், தராசைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஆறு மணிக்குத் திரும்பியவர், கடன் கழிந்த முகத்தோடு காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார்.

கண்டக்டர் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்த பிறகு இது நாலாவது முறை. நாலிலும் வலி குறைவு. இந்த நாற்காலியிலேயே ஆறு மாதமும் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. இத்தனை சந்தோஷமாக அவள் இந்த வீட்டில் இருந்தே ரொம்ப நாளாகிறது.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. டெப்போவிலிருந்து டைம்கீப்பர்.

"பாப்பா நல்லா இருக்காம்மா?" என்று ஆரம்பித்தார். அவர் குசலம் விசாரித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று டெப்போவில் எல்லோருக்கும் தெரியும். "உன் லீவு விஷயமா மேனேஜர் பேசச் சொன்னார். நீ ஆறு மாசம் எழுதிக் கொடுத்திருக்கே. ஆள் பத்தல. இன்னும் ரெண்டு மாசத்துல வந்தாகணுங்கறார். அதுவும் காலையில நாலரை மணி முதல் வண்டி. நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொன்னார்."

"போடலைன்னா?"

"போடும்மா. எதுக்கு வம்பு? நம்ம டெப்போவுல இதுவரைக்கும் மூணு பேருக்குப் பிள்ளை பிறந்துச்சு. மூணு பேரும் போட்டாங்க. எல்லாரும் பாட்டில் பால்ல வளர்ந்த பிள்ளைங்கதானே, என்ன குறைஞ்சு போச்சு?"

தொலைபேசியை வைத்தாள். ஓசி ஒன்றும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தாள். நாலரை மணி வண்டிக்கு மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். மதியம் ஒன்றரை வரை வண்டியில்தான். டெப்போவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை உண்டு, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாலை எங்கே பிழிவது, எங்கே வைப்பது? காலையில் ஜெயித்ததெல்லாம் சாயங்காலம் கையை விட்டுப் போகிறது.

"என்னவாம்?" என்றார் தராசுக்காரர்.

சொன்னாள். அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ரெண்டு மாசம் கொடுத்துட்டா அதுவே பெருசுதான்" என்றார் மெல்ல. "அதுக்கப்புறம் வேணும்னா... டப்பா எப்படியும் வாங்கியாச்சு. வேலை போயிட்டா என்ன பண்றது?"

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. கண்டக்டரே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பத்து மணிக்குப் போய், தலையைக் குனிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். மற்ற மூன்று பேரும் அப்படித்தான் போட்டார்கள். அந்த மேனேஜர் முன்னால் தனியாக நிற்க அவளுக்கு இப்போது தெம்பு இல்லை.

சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. மத்தியானத்திலிருந்து அங்கேயே எதையோ தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீ எதுலயும் கையெழுத்துப் போடாதே" என்றாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"டெப்போவுக்கும் என் கடைக்கும் நடுவுல ரெண்டு தெருதான் இருக்கு. வேலைக்குப் போனப்புறம் பிள்ளை என் கடையில தூங்கட்டும். ரெண்டு டிரிப்புக்கு நடுவுல உனக்கு அரை மணி இருக்குமில்ல, நான் தூக்கிட்டு வர்றேன். ஆனா அது ஆறு மாசம் கழிச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட நீ போகக் கூடாது."

"மேனேஜர் ஒத்துக்க மாட்டார் அண்ணி."

"உன்கிட்ட ஒத்துக்க மாட்டான். அவன் யூனிபார்மை பன்னிரண்டு வருஷமா தேய்ச்சுக் கொடுக்கறவ நான். என்கிட்ட எப்படிப் பேசறான்னு பார்க்கறேன்."

"அக்கா, வேலை போயிடும்க்கா" என்றார் தராசுக்காரர்.

"நீ சும்மா இருடா. இன்னைக்குக் காலையில என் கையாலயே பவுடரைக் கரண்டியில அள்ளிட்டேன். இவ ஒரு சத்தம் போட்டா, நின்னுச்சு." நாத்தனார் கண்டக்டரின் பக்கத்தில் வந்து, குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடினாள். அதன் கன்னம் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பதினேழு வருஷம் முன்னாடி எனக்காகச் சத்தம் போட யாரும் இல்லம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு நானும் உன்கூட வர்றேன்."